தலைகீழாக நின்ற கோட்டை

சதுரங்கப் போட்டியில் நடுவராக நிற்பவருக்கு முகம் இருக்கக் கூடாது. விளையாடுகிறவர் தொடப்போகும் காய் நல்லதா கெட்டதா என்று நமக்குத் தெரிந்தாலும், அது கண்ணிலோ உதட்டிலோ வந்துவிடக் கூடாது. துணுக்காயில் கமநல சேவை நிலையத்தில் வேலை எனக்கு. உரம் கேட்டு வருகிறவர்களிடம் "இன்னும் வரேல்லை ஐயா" என்று சொல்லிச் சொல்லியே அந்த முகம் ஓரளவுக்கு வாய்த்துவிட்டிருந்தது. சனி, ஞாயிறுகளில் முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கே போட்டி நடந்தாலும் நடுவராகப் போவேன். அந்த முகம் இருந்ததால் பெரிதாக எவரும் என்னைக் கோபித்ததில்லை, மல்லாவியில் நடந்த அந்தக் கடைசிச் சுற்று வரைக்கும்.

மாகாணப் போட்டிக்கு மாவட்ட அணியைத் தெரிவுசெய்யும் போட்டி அது. பாடசாலை மண்டபம் ஒன்றில் வைத்தோம். மழை வரப்போகிற புழுக்கம். மேலே நான்கு மின்விசிறிகளில் ஒன்று மட்டும் ஒழுங்காகச் சுற்றியது. காய்கள் பல பாடசாலைகளிலிருந்து இரவலாக வந்தவை. கடிகாரங்களும் பழையவை, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் கூட்டித்தராதவை. காலையிலேயே ஒலிவாங்கியில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்: காலாள் கடைசிக் கட்டத்துக்குப் போய், வைக்க ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்துங்கள், மேலதிக ராணிகள் என் மேசையில் இருக்கின்றன.

முதலாம் மேசையில் இரண்டு பேர். ஒருவர் இளம் கணித ஆசிரியர், போன வருடம் மாவட்டத்தில் முதலாமவர். எல்லோருக்கும் அவர் 'சேர்'. மற்றவர் முல்லைத்தீவு நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் எல்லோருக்கும் அவர் 'நானா'. சிறுபிள்ளையாக இருந்தபோது ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாட்களில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர். சதுரங்கம் பழகியது அங்கே அகதி முகாமில். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து, வாப்பாவின் கடை இருந்த காணியிலேயே புதுக்கடை போட்டிருந்தார். அன்றைக்கு அவரோடு மருமகனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வான் வண்டியில் வந்திருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியருக்குச் சமநிலை போதும். நானா வென்றால்தான் அணியில் இடம்.

மதியத்துக்குப் பிறகு மற்ற மேசைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. பக்கத்து மேசையில் ஒரு மாணவி தன் காலாளைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனபோது, முதலாம் மேசையில் வெட்டுப்பட்டுக் கிடந்த வெள்ளை ராணியைச் சைகையால் கேட்டாள். நானாவும் ஆசிரியரும் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையசைத்தார்கள். அவள் எடுத்துக்கொண்டு போனாள். அதில் தவறேதும் இருப்பதாக எனக்கும் படவில்லை. கடைசியில் அந்த ஒரு மேசைதான் மிஞ்சியது. விளையாடி முடித்தவர்களெல்லாம் கயிற்றோரம் வந்து கூடினார்கள்.

நான் கிட்டப் போய் நின்றேன். பெரிய காய்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டு ராசாக்களும் காலாட்களும்தான். இடது பக்கத்தில் நானாவின் மூன்று வெள்ளைக் காலாட்கள் தோளோடு தோள் நின்றன. அவற்றுக்கு எதிரே, ஒரு வரிசை இடைவெளி விட்டு, ஆசிரியரின் மூன்று கறுப்பு. யாராலும் யாரையும் தாண்டிப் போக ஏலாத மாதிரி இருந்தது. ஆனால் வலது கரையில் ஆசிரியருக்கு ஒரு காலாள் அதிகம். அதற்கு முன்னால் தடையே இல்லை. கறுப்பு ராசா அதன் பக்கத்தில் காவல். நானாவின் ராசா எட்டவே எட்டாத தூரத்தில். அந்தக் காலாள் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆளில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் நானா தோற்றுவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அவருடைய மருமகன் கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

நகர்த்த வேண்டியது நானா.

எனக்கு அது தெரிந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று இப்படி நிற்கும்போது நடுவில் நிற்கும் காலாளை முன்னே தள்ள வேண்டும். எதிராளி அதை வெட்டியே ஆகவேண்டும். எந்தப் பக்கத்தால் வெட்டுகிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கத்துக் காலாளை அடுத்ததாகத் தள்ள வேண்டும். அதையும் வெட்டியே ஆகவேண்டும். இரண்டும் போன பிறகு மூன்றாவதற்கு முன்னால் பாதை வெறிச்சென்று கிடக்கும். புத்தகங்களில் இதைப் பலி என்றுதான் எழுதுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும்போது நான் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. "முதலாவதைக் குடுக்கிறம், ரெண்டாவதையும் குடுக்கிறம்" என்பேன். சண்டையில் இத்தனை பேரைப் பறிகொடுத்த வன்னியில் பிள்ளைகளின் முன்னால் வேறெப்படிச் சொல்வது?

நானாவின் கை இடது ஓரக் காலாளின் மேலே போய் நின்றது. தொடவில்லை. தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். ஓரத்துக் காலாளை முதலில் தள்ளினால் எல்லாம் முடிந்துவிடும். கை அந்தரத்தில் நின்றது. கை திரும்பி மடிக்குப் போனது. பிறகு நானா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவரை யதேச்சையாகப் பார்க்கிற பார்வை என்றுதான் எண்ணினேன். ஆனாலும் என் கண் அந்த நடுக்காலாளுக்குப் போய்விடுமோ என்று பயந்து, சுற்றாத மின்விசிறி ஒன்றை அண்ணாந்து பார்த்தேன். அதன் இறக்கையில் பழைய கடதாசிப் பூமாலை ஒன்று தொங்கியது. அந்தப் பூக்களை அவ்வளவு உற்றுப் பார்த்த முதல் ஆள் நான்தான் போலும்.

காய் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். நடுக்காலாள் முன்னே போயிருந்தது.

ஆசிரியரின் முகம் வெளிறிப்போவதை நான் கண்டேன். அவர் கெட்டிக்காரர், உடனே விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் நெற்றியைத் தாங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை, வலப்பக்கத்துக் காலாளால் வெட்டினார். நானா இடப்பக்கத்துக் காலாளைத் தள்ளினார். அதுவும் வெட்டுப்பட்டது. இப்போது மூன்றாவது ஓடியது. ஆசிரியரின் கரையோரக் காலாளும் ஓடியது. இரண்டு பேரின் கடிகாரத்திலும் ஒரு நிமிடம்கூட இல்லை. நகர்த்துவதும் கடிகாரத்தைத் தட்டுவதும் ஒரே சத்தமாகக் கேட்டது.

நானாவின் காலாள் கடைசிக் கட்டத்தை அடைந்தது. அவருடைய கை பக்கத்தில் கிடந்த காய்களுக்குள் ராணியைத் தேடியது. குதிரை தட்டுப்பட்டது, மந்திரி தட்டுப்பட்டது, ராணி இல்லை. வெட்டுப்பட்ட வெள்ளைக் கோட்டை ஒன்றை எடுத்தார், தலைகீழாகக் கவிழ்த்து அந்தக் கட்டத்தில் வைத்தார், "ராணி" என்று உரத்துச் சொன்னார், கடிகாரத்தைத் தட்டினார்.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கடைவாசல்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விளையாடி வளர்ந்தோம். கவிழ்த்து வைத்த கோட்டை என்றால் ராணி. ஆனால் போட்டிச் சட்டத்தில் அது கோட்டைதான். வாயால் ராணி என்று சொன்னாலும், வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தால் கோட்டைதான்.

ஆசிரியர் கடிகாரத்தை நிறுத்தினார். கையை உயர்த்தினார்.

"அக்கா, இது கோட்டை."

"ராணி எண்டு சொல்லித்தானே வெச்சேன்," என்றார் நானா.

"சொன்னது கேட்டது நானா. ஆனா வெச்சது கோட்டை. ரூல் எண்டா ரூல்தானே."

ராணி என்றால் நானாவுக்கு வெற்றி. கோட்டை என்றால் தோல்வியைத் தடுப்பதே கஷ்டம். இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கயிற்றோரத்தில் முதலில் முணுமுணுப்பு, பிறகு சத்தம். நானாவோடு வந்தவர்களில் ஒருவர் எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்:

"நம்மட ஆள் வெல்லப் போனா மட்டும் இவங்களுக்குச் சட்டம் ஞாபகம் வந்திரும்."

மற்றப் பக்கத்திலிருந்து, "ஏன், சட்டம் உங்களுக்கு இல்லையோ?" என்று இன்னொரு குரல்.

மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் என் தோளோரம் வந்து குனிந்தார். நல்ல மனிதர். பயந்துபோயிருந்தார். "மிஸ், ராணியெண்டே விடுங்கோவன். இது பிறகு வேற கதையாப் போயிடும்," என்றார்.

நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். தலைகீழாக வைத்தவர் ஆசிரியராக இருந்து, முறையிட்டவர் நானாவாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? கண்ணை மூடித் திறப்பதற்குள் கோட்டை என்று சொல்லியிருப்பேன். அப்படியானால் இப்போது ஏன் தயங்குகிறேன்? அவர் முஸ்லிம் என்பதாலா? தமிழர் கூடிநிற்கும் மண்டபத்தில் ஒரு தமிழ்ப் பெண் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னாள் என்று நாளைக்கு வரும் என்பதாலா? அந்தப் பயத்தில் நான் ராணி என்று சொன்னால், அது அவருக்குச் செய்யும் நியாயமா, எனக்கு நானே தேடும் பாதுகாப்பா? இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் ஆசிரியர் கதிரையைப் பின்னே தள்ளி எழுந்துவிட்டார். சனத்தின் சத்தம் அவரையும் ஆட்டிவிட்டது. "சரி அக்கா, விடுங்கோ. ராணி எண்டே வைப்பம். பிரச்சினை வேண்டாம். நானா எங்களைத் தேடி வந்து விளையாடுறார்..."

நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரைக்கும் அவருடைய முகத்தில் பதற்றம்தான் இருந்தது. இப்போது வேறொன்று வந்தது.

"தேடி வந்தா? எங்க இருந்து சேர் தேடி வந்தேன்? நானும் இந்த மாவட்டம்தானே. என்னை விருந்தாளி ஆக்க வேணாம்." பிறகு என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, சட்டம் என்ன சொல்லுது? அதைச் சொல்லுங்க."

"சட்டப்படி அது கோட்டை, நானா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு தரம், மண்டபத்துக்குக் கேட்கச் சொன்னேன். "அது கோட்டை. காலையில அறிவிச்சனான். ஆட்டம் தொடரும்."

கைநீட்டி, கவிழ்ந்து நின்ற கோட்டையை எடுத்து நிமிர்த்தி அதே கட்டத்தில் வைத்தேன். அவசரத்தில் அது பக்கத்துக் கட்டத்தில் தட்டுப்பட்டது. சரியாக நடுவில் வைக்க இரண்டாம் முறை தொட வேண்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே மருமகன் "மாமா, எழும்பி வாங்க!" என்று கத்தினான். நானா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னே நீட்டி, பொறு என்பதுபோல் காட்டினார்.

கடிகாரம் மறுபடி ஓடியது.

ஆசிரியர் தன் காலாளைக் கடைசிக்கு முதல் கட்டத்துக்குத் தள்ளினார். இன்னும் ஒரு அடி வைத்தால் அது ராணி. நானா கோட்டையைப் பலகையின் குறுக்கே இழுத்துக்கொண்டுபோய் அந்தக் காலாளுக்குப் பின்னால் நிறுத்தினார். கறுப்பு ராசா காலாளுக்குத் துணையாக ஒரு படி இறங்கியது. கோட்டை பக்கத்து வரிசைக்கு மாறி ராசாவுக்கு 'செக்' சொல்லி முற்றுகை வைத்தது. ராசா விலகியது. கோட்டை திரும்பவும் காலாளுக்குப் பின்னால். ராசா திரும்பவும் கிட்ட வந்தது. திரும்பவும் முற்றுகை. ஒரு தடவை பிந்தினாலும் கதை முடிந்துவிடும். நானாவின் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்க அவருக்கு நேரமில்லை. ஆசிரியரும் விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ராசாவை எங்கே வைத்தால் கோட்டை தடுமாறும் என்று ஒவ்வொரு மூலையாகத் தேடினார்.

கடைசியில் அவர்தான் சமநிலை கேட்டுக் கையை நீட்டினார். "ட்றோவோ நானா?"

நானா கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கையைக் கொடுத்தார். புள்ளித்தாளில் கையெழுத்து வைத்துவிட்டு, என் மேசைக்கு வந்து சட்டப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே விரலை ஓடவிட்டு வாசித்தார். மூடி என்னிடமே தந்துவிட்டுப் போய் வான் வண்டியில் ஏறினார். அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மேலதிக வீரர் என்று போட்டோம்.

அன்று பின்னேரமே மருமகன் முகநூலில் படம் போட்டுவிட்டான். கவிழ்ந்து நிற்கும் கோட்டை, அதற்குப் பக்கத்தில் என் கை. "சதுரங்கத்திலும் எங்களுக்கு இதுதான் நீதி" என்று எழுதியிருந்தான். கீழே வந்தவை பலவிதம். என்னைத் திட்டியவர்களைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. என் பக்கம் நின்று எழுதியவர்களைத்தான் தாங்க முடியவில்லை. எனக்காகப் பேசுகிறோம் என்று அவர்கள் நானாவையும் அவருடைய சனத்தையும் பற்றி எழுதிய சொற்கள் இங்கே எழுதக் கூடியவை அல்ல. வேலைக்குப் போனால் இரண்டு பேர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அது அடி விழுந்த மாதிரி இருந்தது. வீட்டில் என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது என்னைப் பார்த்து, "உனக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? ஞாயிற்றுக்கிழமை வீட்டில இருந்திருக்கலாம்," என்றார். கலியாணமான நாளிலிருந்து என் போட்டிகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கிவிடுகிறவர் அவர்தான்.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வளையங்கள் வாங்கவேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அது மல்லாவியிலேயே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும்.

கடை வாசலில் மருமகன் கம்பிச்சுருள் ஒன்றை உருட்டிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான். நானா வெளியே வந்தார்.

"வாங்க தங்கச்சி, இருங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டார். "படத்தை எடுக்கச் சொல்லிட்டேன். எடுத்திட்டான். ஆனா அது போற இடமெல்லாம் போயிட்டுது."

"நான் அதுக்கு வரேல்லை நானா."

"தெரியும்." பிளேன்ரீ ஒன்றை என் முன்னால் வைத்தார். "நீங்க செஞ்சது சரி. அண்டைக்கே வாசிச்சுப் பார்த்தேனே. ஆனா எனக்கு இன்னும் கோவம்தான். சரி எண்டதுக்காகக் கோவம் போயிருமா?"

"போகாது," என்றேன். அவர் அதைச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தத் தேநீரை என்னால் குடித்திருக்க முடியாது.

"ஒண்டு கேக்கிறேன். அந்த நடுக்காலாள். நான் நகர்த்த முந்தியே நீங்க கண்டுட்டீங்களா?"

"ஓம்."

"பாருங்க!" மேசையில் தட்டினார். "உங்கட மூஞ்சியைப் பார்த்தேன், ஏதாவது தெரியுதா எண்டு. நீங்க எண்டா முகட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க. அப்பதான் நினைச்சேன், இதில ஏதோ இருக்கு, இல்லாட்டி இந்தப் பொம்பிளை ஏன் பலகையைப் பார்க்காம விடுது எண்டு."

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. முகமே இல்லாமல் நிற்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், உலகத்திலுள்ள எல்லாவற்றையும் விடப் பெரிதாக என் முகம் அங்கே இருந்திருக்கிறது. அதை இப்போது யாரிடம் போய் முறையிடுவது? நானா என் கலக்கத்தைக் கண்டு, "பயப்படாதீங்க, பாதிதான் அது. மிச்சப் பாதி நானே கண்டுபிடிச்சது," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். உள்ளே மருமகனுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

"இன்னொண்டு. கோட்டையாகவே இருந்தாலும் அதில வெல்ல வழி இருந்ததா? ராசாவைக் கொண்டு வந்திருக்கலாமோ, முற்றுகையை வேற பக்கத்தால வெச்சிருக்கலாமோ எண்டு படுத்தா இதுதான் ஓடுது. சட்டத்தை விடுங்க. வெல்ல இருந்ததை நானே விட்டுட்டேனோ எண்டதுதான்..."

நான் வீட்டில் அந்த நிலையை ஃபோனிலிருக்கும் சதுரங்கச் செயலியில் போட்டுப் பார்த்திருந்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை, எந்தப் பக்கத்தால் போனாலும் என்ன வருகிறதென்று.

"இல்லை நானா. ஒரு வழியும் இருக்கேல்லை. நீங்கள் செய்ததுதான் ஒரே வழி. வேற எது செய்திருந்தாலும் தோல்வி."

"ஒண்டுமே இல்லையா?"

"ஒண்டுமே இல்லை."

அவர் வீதிப் பக்கம் திரும்பினார். கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய தோள் மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன்.

"அப்ப சரி," என்றார்.

ஒருவர் கடைக்குள் வந்து ஆணி கேட்டார். நானா எழுந்து, "எத்தினை அங்குலம்?" என்று கேட்டபடி உள்ளே போனார். நான் பிளேன்ரீயைக் குடித்து முடித்தேன்.